யாருடைய பெருவிரல்

தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது பள்ளத்தில் உருண்டு முதுகெலும்பு முறிந்ததிலிருந்து, ரப்பர் குழாய் இல்லாமல் இராசையாவுக்குச் சிறுநீர் இறங்குவதில்லை. குடியிருந்த லயத்தில் வைத்தே குழாய் மாற்ற அவன் மனைவி பெரியாயி ஆஸ்பத்திரியில் பழகிக்கொண்டாள். செலவு தோட்டத்தைச் சேர்ந்தது. பதுளை மருந்துக்கடைக்காரர் ஷுக்ரி மாதாமாதம் குழாய்களையும் பில்லையும் தோட்டத்து மருந்தறைக்கு அனுப்புவார்; வாங்கியவரின் அடையாளத்தோடு பில் அவருக்குத் திரும்பும்.

"இன்னும் வரலை" என்றே இரண்டு மாதமாகச் சொல்லிவந்தார் மருந்தறை ஐயா ஞானமுத்து. பெரியாயி பழைய குழாயையே அவித்து அவித்துப் போட்டாள். அது இறுகி வெடித்து உள்ளே கிழித்தது. இராசையா காய்ச்சலில் உளறத் தொடங்கிய காலையில், லுணுகலைக்கு நடந்துபோய்ப் பதுளை பஸ் ஏறினாள்.

"மாசம் நாலு அனுப்புறேனே, தங்கச்சி. வாங்கினதுக்கு நீங்க பெருவிரல் வச்சிருக்கீங்க." ஷுக்ரி பில்லைத் திருப்பிக் காட்டினார்.

"நான் கையெழுத்துப் போடுவேங்க. இது யாரு விரலு?"

ஷுக்ரி பில்லையும் இரண்டு புதுக்குழாய்களையும் அவள் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து குழாயை மாற்றியபோது சீழும் இரத்தமுமாகக் கொட்டியது. இராசையா கத்தவும் சக்தியில்லாமல் கிடந்தான். பெரியாயி கையைக் கழுவிவிட்டு, அவனுடைய கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மருந்தறைக்கு நடந்தாள்.

பில்லைக் கண்டதும் ஞானமுத்து பிடுங்கிக் கிழித்தார். "யாருகிட்ட வந்து கேக்குற?" என்று அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். பல் உடைந்து விழுந்தது. விழுந்தவளின் வயிற்றில் உதைத்தார்.

"சாகப்போறவனுக்கு எத்தனை குழாய்டி வேணும்?"

பெரியாயி எழுந்தாள். முதல் வெட்டு அவர் முழங்கையில் எலும்புவரை இறங்கியது. தடுக்க நீட்டிய கையில் விழுந்த இரண்டாவது வெட்டில் இரண்டு விரல்கள் தரையில் தெறித்தன. மூன்றாவதாகக் கழுத்துக்கு ஓங்கியபோது, மருந்துக்கு நின்றிருந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்கடி என்னைய!"

அவளைப் பொலிஸ் கொண்டுபோன ஆறாம் நாள் இராசையா செத்துப்போனான். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாரியாயிதான் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

ஷுக்ரி தம்மிடமிருந்த மற்ற பில்களோடு கோர்ட்டில் ஏறினார். "தோட்டத்துக் காசு ஒழுங்கா வந்திச்சு. விரல் யாருடையதுன்னு நான் பார்க்கல்ல. அது என் பிழைதான்" என்றார். எல்லாம் ஞானமுத்துவின் விரலே, குழாய்களை அவர் வெளியில் விற்றிருக்கிறார் என்று தெரிந்தது. அவருக்கு இரண்டு வருடம் கிடைத்தது. பெரியாயிக்கு எட்டு மாதம்.

"செய்ததற்கு வருந்துகிறாயா?" என்று நீதிபதி கேட்டார்.

"வெட்டினதுக்கு இல்லீங்க. எம் புருசன விட்டுட்டுப் போனேன் பாருங்க, அதுக்குத்தான்."