பென்னிங்லோ மாளிகை தரையிறங்கிய வரலாறு

1919ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பென்னிங்லோ மாளிகை தரையை விட்டு நான்கு விரற்கடை உயரம் எழும்பி நின்றது. முதலில் பார்த்தவர் தோட்டக்காரர் சைலஸ் பிராப்பர்ட். முள்ளெலி ஒன்று வாசற்படிக்கு அடியில் நுழைந்து, மறுபக்கத்து வெளிச்சத்தில் வெளியேறிப் போவதை அவர் குனிந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், காலை உணவில் இருந்த சீமாட்டி ஹானோரியாவிடம், "அம்மா, வீடு கொஞ்சம் கெளம்பிருச்சு" என்றார். அவித்த முட்டையின் ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்த சீமாட்டி, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயர் களிமண்ணில் அந்த வீடு முந்நூறு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. கம்பளி வியாபாரத்தில் செழித்த ஒருவர் கட்டிய வீடு. அவருடைய கொள்ளுப்பேரன் காலத்தில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி மதில் எழுந்தது. மாடுகள் மேய்ந்த இடத்தில் அல்லிக்குளமும் ரோஜாப் பாத்திகளும் பீச் மரச் சாலையும் வந்தன. ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு ஒரு நாள், ஆகஸ்ட் மலர்க்காட்சி அன்று மட்டும் உள்ளே வரலாம். அன்றும் சரளைப் பாதையை விட்டுப் புல்லில் கால் வைக்கக் கூடாது. 1914ஆம் ஆண்டு மலர்க்காட்சியில் சீமாட்டி வாசலின் மேல்படியில் நின்று, போருக்கு ஆள் வேண்டுமென்று பேசினாள். கைம்பெண், அழகாகப் பேசுவாள். பேச்சு முடிவதற்குள் ஊர்ப் பையன்கள் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். இருபதாவதாகக் கொடுத்தவன் அவளுடைய ஒரே மகன் ஆம்புரோஸ். திரும்பி வந்தவர்கள் நால்வர். ஆம்புரோஸ் அவர்களில் இல்லை. சைலஸின் இரண்டு பிள்ளைகள் எம்ரிஸும் டேனியலும் இல்லை. போர் ஓய்ந்ததும் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். முப்பத்திரண்டு அறைகளில் ஒரே ஒருத்தி மிஞ்சினாள். அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் வீடு எழும்பியது.

மே மாதம் வாத்துகள் அதன் அடியில் நுழைந்து போயின. ஜூலையில் சைலஸ் தள்ளுவண்டியோடு குனியாமல் கடந்தார். வீட்டுத் தரையின் அடிப்புறத்தில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டின. அல்லிக்குளத்தில் வீட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. ஊரிலிருந்து ஒரு பொறியாளர் வந்து அளந்து, மண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சைலஸ் இரண்டு வண்டிக் கல்லைக் கூடத்தில் கொட்டிப் பார்த்தார். வீடு கல்லோடு சேர்ந்து மேலே போயிற்று. கயிறு போட்டு யூ மரங்களில் கட்டியபோது மரங்கள் வேரோடு முனகத் தொடங்கின. "வீடு போனா போகட்டும், மரத்தைக் குடுக்க மாட்டேன்" என்று அவரே கயிற்றை அறுத்துவிட்டார். தபால்காரர் கையெழுத்து வாங்கக் கூடத்தில் நின்ற ஐந்து நிமிடம் மட்டும் வீடு ஒரு சாண் தாழ்ந்தது. அவர் ஏணியில் இறங்கியதும் இரண்டு சாண் ஏறிவிட்டது. ஆள் இல்லாமல்தான் வீடு இலேசாகிவிட்டது என்று சைலஸுக்கு அப்போது விளங்கியது. ஆனால் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

சீமாட்டி இதைப் பற்றி முறையிடவேயில்லை. அதற்குக் காரணம் மூன்றாம் மாடியில் இருந்தது. வீடு இருபது அடி ஏறியபோது, ஆம்புரோஸ் குழந்தையாகத் தூங்கிய அறையின் ஜன்னலிலிருந்து நூறு மைல் தள்ளியிருக்கும் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. முப்பதடியில் கடலுக்கு அப்பால் பிரான்ஸின் கரை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால், பையன்களைப் புதைத்துச் சிலுவைகள் நட்ட வயல் தெரியும். அவள் நாள் முழுக்க அந்த ஜன்னலில் நின்றாள். திரைச்சீலைகள் மூச்சு விடுவதைப் போல அவளைச் சுற்றி உப்பித் தணிந்தன.

1920 ஜூனில் சைலஸின் மனைவி ரூத், சேறு படிந்த பூட்ஸோடு பீச் மரச் சாலையின் புல்லில் நடந்து வந்து, ஏணியில் முப்பத்தொரு படி ஏறிக் கதவைத் தட்டினாள்.

"உங்க வீட்டு நெழல் என் முட்டைக்கோஸ் பாத்தி மேல விழுது. ஒண்ணாவது உருண்டு வரல. எறக்குங்க."

"எறக்கத் தெரியாது, மிஸஸ் பிராப்பர்ட்."

"அப்ப நகருங்க, நான் எறக்கறேன்." வரவேற்பறையில் பட்டு உறையிட்ட நாற்காலியில் அவள் சட்டமாக உட்கார்ந்தாள். வீடு ஒரு சாண் இறங்கியது. "மன்னிக்க வந்திருக்கேன்னு நெனைச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"அன்னைக்குப் படியில நின்னு பேசினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஒரு வார்த்தை விடாம."

"சொல்லுங்க. அன்னைக்கு நான் பின்னால நின்னேன், சரியாக் கேக்கல. எதைக் கேட்டு என் பசங்க போனாங்கன்னு எனக்குத் தெரியணும்."

சீமாட்டி எழுந்து நின்று சொன்னாள். கௌரவத்தைப் பற்றிச் சொன்னாள், அரசரைப் பற்றிச் சொன்னாள். 'கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பிவிடுவீர்கள்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. ரூத் காத்திருந்தாள். சீமாட்டி அந்த வரியையும் சொல்லி, அதற்குப் பிறகு இருந்த ஏழு வரிகளையும் சொல்லி முடித்தாள்.

ரூத், "இவ்வளவுதானா?" என்றாள். பிறகு, "டீ போடுங்க" என்றாள். சீமாட்டி போட்டுக் கொண்டுவந்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி கொதிக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

போகும்போது, "கேட்டைத் தெறந்து வைங்க. இன்னும் பதினோரு வீட்டுல பிள்ளையைக் குடுத்தவங்க இருக்காங்க. அவங்களும் கேக்கட்டும்" என்றாள்.

"ஆள் வந்தா வீடு எறங்கிரும். பிரான்ஸ் தெரியாமப் போயிரும்."

ரூத் மாடிக்கு ஏறிப்போய் அந்த ஜன்னலில் நின்று பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். "என் ரெண்டும் அங்கதான் கெடக்கு" என்றாள். "நாம எவ்வளவு ஒசரத்துல நின்னாலும் அதுக திரும்பிப் பாக்காதும்மா."

மறுநாள் காலை சீமாட்டி தானே இறங்கிப்போய் இரும்புக் கதவின் பூட்டைத் திறந்து, சாவியைச் சைலஸிடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி கல்லெறிய வந்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் பேச்சைக் கேட்காமல் ரோஜாக்களை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் சீமாட்டி எழுந்து நின்று முழுப் பேச்சையும் சொன்னாள். வீடு ஒவ்வொரு முறையும் சற்றுத் தாழ்ந்தது. முதலில் சிலுவை வயலைப் பார்க்கும் நம்பிக்கை போனது, பிறகு கரை மறைந்தது, பிறகு கடல். பிள்ளைகளைப் புல்லில் உருள விட்டார்கள். சைலஸ் முதல் ஆண்டு திட்டினார், அடுத்த ஆண்டு விட்டுவிட்டார். 1921ஆம் ஆண்டு மலர்க்காட்சியின் மாலையில், தோட்டம் முழுக்க ஆட்கள் நிறைந்திருந்தபோது, களைத்த ஒருத்தி நாற்காலியில் சாய்வதைப் போன்ற சத்தத்தோடு மாளிகை தரையில் அமர்ந்தது. அன்று யாரும் கை தட்டவில்லை.

அதற்குப் பின் பதினேழு ஆண்டுகள் சீமாட்டி வாழ்ந்தாள். ரூத் அவளை மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறும் வராமலும் இருந்ததில்லை. 1938இல் சீமாட்டி இறந்தபோது, தோட்டமும் வீடும் ஊருக்கென்று எழுதி வைத்திருந்தாள். மதிலில் மூன்று இடங்களில் வழி உடைத்தார்கள். உடைத்த கல்லில் குளத்துக்குப் படி கட்டினார்கள்.

இப்போது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தோட்டம் திறந்திருக்கிறது. அக்டோபர் முடிவில் கடைசிப் பார்வையாளர் போனதும் காவலாளி தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைக்கிறார்; வீடு மெதுவாக எழும்பி, ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொள்கிறது. பனிக்காலம் முழுக்கப் பக்கத்துப் பண்ணையின் ஆடுகள் அதன் அடியில் வந்து படுக்கின்றன. அங்கே புல் நனைவதில்லை.