மூலை வெட்டிய பாஸ்போர்ட்

எதிர் வீட்டுக்காரருக்குக் 'கத்தரியார்' என்று பெயர் வைத்தது நான்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைத்தவள் அவர் பெண்டாட்டி. குடியிருப்பு முழுக்கப் பரப்பியது மட்டும்தான் நான்.

எங்கள் தூதரகத்தில் அவர் பார்ப்பது யாரும் கேட்டு வாங்குகிற வேலை இல்லை. இங்கே பிழைக்க வந்த நம்மவர் யாராவது செத்துப்போனால், பிணவறைக்குப் போய் அடையாளம் பார்ப்பார். காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். பாஸ்போர்ட் இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக அதன் மூலையைக் கத்தரியால் வெட்டுவார். அதையும் குப்புற வைத்துத்தான் வெட்டுவார். "படத்தைப் பாத்தா கை ஓடாது" என்று என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னாராம். என் வீட்டுக்காரர் தூதரக ஓட்டுநர். வண்டியில் பேசுவதெல்லாம் சாப்பாட்டு வேளையில் எனக்கு வந்துவிடும்.

சண்டை நகரத்துக்குள் நுழைந்ததிலிருந்து கத்தரியாருக்கு ஓய்வில்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

குடும்பங்களெல்லாம் வியாழன் நாலு மணி பஸ்ஸில் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், அதோடு எல்லைப் பாலத்தை மூடுகிறார்கள் என்று உத்தரவு வந்தது. வெளியேறும் அனுமதிக்காக எல்லார் பாஸ்போர்ட்டும் அவர் மேஜைக்குப் போயின. அன்று காலை பிணவறையிலிருந்து இரண்டு வந்திருந்தன. அவர் மூன்று வெட்டினார்.

மூன்று மணிக்கு மாடிப்படியில் பெட்டிகளோடு நின்றிருந்தோம். கத்தரியார் வந்து தன் பெண்டாட்டி கையில் அவள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அவள் விரலால் மூலையைத் தடவினாள்.

"ஏங்க, என்ன இது?"

"உன்னோடதா?" என்றார், கடையில் விட்டுவிட்டு வந்த குடையை விசாரிப்பதுபோல.

"திறந்து பாருங்க. என் மூஞ்சிதான்."

அப்போதுதான் பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? "இத நீட்டினா, செத்தவ எப்படி நடந்து வந்தான்னு கேப்பான் எல்லையில. சட்டுனு வேற ஏதாவது எழுதிக் குடுங்க சார்!"

பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப அவசரப் பயணத் தாள் என்று ஒன்று உண்டு. ஆனால் வெற்றுத் தாள்கள் கண்டவர் கையில் சிக்கக்கூடாதென்று மதியமே அத்தனையையும் இயந்திரத்தில் போட்டுப் பொடியாக்கியாயிற்று. பொடியாக்கியவரும் இவரே.

"ஒண்ணு இருக்கு" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

அது யாருக்கென்று எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வந்து, முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடித்துத் துரத்திய பெண் ஒருத்தி, மூன்று மாதமாகத் தூதரகக் கிடங்கில் படுத்திருந்தாள்.

"பேரு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள் பெண்டாட்டி.

"இன்னும் இல்ல."

"அவ எங்க?"

"கீழ. பஸ்ல உக்கார வச்சுட்டேன்."

"அப்ப இறக்கி விடணும். யாரு போய்ச் சொல்றது, நீங்களா?"

அவர் தாளை மடித்தார், திரும்பப் பிரித்தார்.

அவள் தன் பெட்டியைப் படியில் படுக்கப் போட்டாள். "இது மேல வச்சு எழுதுங்க. அக்கா, பேனா இருக்கா?"

கொடுத்தேன். எழுதினார். எட்டிப் பார்த்தேன், அந்தப் பெண்ணின் பெயர்தான். தாளோடு வைத்திருந்த அவள் படத்தை ஒட்டுமுன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"கொடில துணி கிடக்கு, எடுக்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் மாடியேறினாள்.

பஸ்ஸில் அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில், கத்தரியார் பெண்டாட்டி உட்கார வேண்டிய இடத்தில் இருந்தாள். பாலத்தில் சிப்பாய் தாளை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

"அந்த சாரோட வீட்டம்மா வரலையாக்கா?"

"அடுத்த பஸ்ல வருவா."

என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார்.