ஒன்பதாம் விதியும் ஒரு டின் பிஸ்கட்டும்

வீரசிங்கம் அண்ணன் எழுதிய அந்த ஒரு வரியைக் கணினி படிக்கவே இல்லை. படித்திருந்தால் அதற்கும் கோபம் வந்திருக்கும் என்று சபாபதி பிற்பாடு சொன்னார்.

கணினி படிக்காத வரி எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு மென்பொருளின் மூல நிரலில் இரண்டு வகை வரிகள் உண்டு. ஒன்று கணினிக்கு, அது சொன்னதைச் சொன்னபடி செய்யும். மற்றது மனிதர்களுக்கு. வரியின் தலையில் ஒரு சிறு குறியைப் போட்டுவிட்டால் கணினி அதைத் தாண்டிப் போய்விடும். இந்த இடத்தில் கவனம், இந்த எண்ணை மாற்ற வேண்டாம் என்பது போல, பின்னால் வருகிறவருக்காக எழுதி வைக்கும் குறிப்பு அது. நல்ல வழக்கம்தான். வீரசிங்கம் அண்ணன் கையில் கிடைத்தபோதுதான் அது வேறு மாதிரி ஆயிற்று.

அது 1997. நாங்கள் சில பேர் சேர்ந்து ‘சிலேட்டு’ என்று ஒரு தமிழ் எழுதும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். இலவசம். மூல நிரலும் சேர்த்தே கொடுத்தோம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியவர்கள் அதை ஈமெயிலிலோ டிஸ்கெட்டிலோ வீரசிங்கம் அண்ணனுக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்து, சரியென்றால் சேர்ப்பார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், மத்தியானக் கூட்டம் குறைந்தபின், பின்மேசையில் கூடுவோம். கடைக்காரருக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரியாது. சீட்டுக் கட்டு இல்லை என்பதால் விட்டுவிட்டார்.

வீரசிங்கம் அண்ணன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்பு மையால் கோப்பின் ஓரத்தில் குறிப்பெழுதுவது அவருக்கு மூச்சு விடுவது போல. ஓய்வு பெற்றபின் ஓரம் கிடைக்கவில்லை. சிலேட்டின் குறிப்பு வரிகள் கிடைத்தன.

அச்சடிக்கும் பகுதியை எழுதியவர் இராஜம்மா அக்கா. கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. காலையிலிருந்து மாலைவரை, ஊசிகளால் குத்தி அச்சடிக்கும் மூன்று அச்சுப்பொறிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கரகரப்பைத் தாண்டிப் பேசிப் பழகியதால் வெளியிலும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். அவருடைய நிரலுக்கு மேலே, ஒரு எண்ணைத் திருத்திவிட்டு, வீரசிங்கம் அண்ணன் எழுதிய குறிப்பு இது:

‘இதை எழுதியவர் அச்சுப்பொறி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை போலும்.’

அக்காவிடமிருந்து மறுநாள் ஈமெயில் வந்தது. ‘காணாதவள் இனி எழுத மாட்டேன். கண்டவர் எழுதட்டும்.’

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஏழு தமிழ்ப்பள்ளிகள் அக்டோபர் பரீட்சைத் தாள்களைச் சிலேட்டில் அச்சடிக்கக் காத்திருந்தன. ஏழு தலைமையாசிரியர்களையும் நேரில் பார்த்து வாக்குக் கொடுத்தவர் வீரசிங்கம் அண்ணன். பள்ளிகளுக்குப் புதிதாக, ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு ஊசிகள் கொண்ட அச்சுப்பொறிகள் வந்திருந்தன. ஊசி அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் படமாக்கி, படத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி அனுப்ப வேண்டும். ஒரு பட்டை அடித்து முடிந்ததும் காகிதம் சரியாக ஒரு பட்டை உயரம் நகர வேண்டும். குறைந்தால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கூடினால் நடுவில் வெள்ளைக் கோடு விழும். அண்ணன் தாமே இரண்டு வாரம் முயன்றார். ‘அ’ இடுப்பில் வெட்டுப்பட்டு வந்தது. ‘ஆ’ அதைவிட மோசம்.

ஒரு சனிக்கிழமை நான் கிள்ளானுக்குப் போனேன். அச்சுப்பொறிகள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.

“அண்ணே வருத்தப்படறாருக்கா. மன்னிப்பு கேட்டு ஈமெயில் போடச் சொல்லட்டா?” என்றேன்.

“எனக்கு மட்டும்னா நான் பாட்டுக்குப் போயிருப்பேன் நாகையா. ஜெயராஜ் ஏன் வரதில்ல, தெரியுமா?”

ஜெயராஜ் சுங்கை பூலோக்காரன். சொல்லைத் தேடி மாற்றும் பகுதியை எழுதியவன். நான்கு மாதமாகக் காணவில்லை.

“வேல ஜாஸ்தின்னான்.”

“வேலயாம். அவன் எழுதின புரோகிராமுக்கு மேல அண்ணே என்னா எழுதிருக்காருன்னு போய்ப் பாரு. நான் சத்தம் போடறேன், உங்களுக்குத் தெரியுது. சத்தம் போடாம போனவங்க எத்தன பேரோ.” ஒரு காகிதத்தைக் கிழித்துக் கோப்பில் வைத்தார். “ரூல் எழுதுங்க. எல்லாருக்கும். அதையும் சிலேட்டு கூடவே அனுப்புங்க. புதுசா வர்றவன் மொதல்ல அதப் படிக்கட்டும். அப்ப வரேன்.”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஜெயராஜின் நிரலுக்கு மேலே, ‘இவருக்குக் கணினியை விற்றவர் வெட்கப்பட வேண்டும்’ என்றிருந்தது.

விதி எழுதும் பொறுப்பைச் சபாபதி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ரயில்வே ஆள். நிரல் எழுதத் தெரியாது. சிலேட்டுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுபவர். அதோடு, கிள்ளானில் ஒரு மரண சகாய சங்கத்துக்கு இருபது வருஷமாகச் செயலாளர். அவருக்கு விதி என்றால் அந்தச் சங்கத்து விதிதான். செப்டம்பர் கூட்டத்துக்கு ஒன்பது விதிகளோடு வந்தார். இராஜம்மா அக்காவும் வந்திருந்தார், வீரசிங்கம் அண்ணனுக்கு நேரெதிர் நாற்காலியில்.

முதல் மூன்று விதிகள் நன்றாகவே இருந்தன. சபாபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்காவதைப் படித்தார்.

“‘உறுப்பினர் எவரேனும் காலமானால், சிலேட்டின் சார்பில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மலர்வளையம் வைக்கப்படும்.’”

சபாபதி தாளைப் புரட்டினார்.

“‘ஆறு. சிலேட்டுக்குச் சொந்தமான பந்தல் துணியும் தேநீர் போடும் பெரிய கேத்தலும் செயலாளர் பொறுப்பில் இருக்கும்.’”

“சபாபதி, எங்களிட்ட எங்கே கேத்தல்?” என்றார் வீரசிங்கம் அண்ணன்.

நடந்தது இதுதான். சபாபதி சங்கத்து விதிகளைத் தட்டெழுதி, ‘சங்கம்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘சிலேட்டு’ என்று போடும்படி சிலேட்டிடமே சொல்லியிருந்தார். அது சொன்னதைச் செய்தது. ஜெயராஜ் எழுதிய பகுதி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று நான் சொன்னேன். வீரசிங்கம் அண்ணன் மேசையைப் பார்த்தார்.

“ஒன்பதுக்கு வாங்க,” என்றார் இராஜம்மா அக்கா.

“‘ஒன்பது. மற்றோர் உறுப்பினரை மரியாதைக் குறைவாகப் பேசியவர், அடுத்த கூட்டத்துக்கு ஒரு டின் பிஸ்கட்டைத் தாமே சுமந்து வந்து, பேசப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் டின்னைத் திறக்கும் வரை, கொடுத்தவர் நிற்க வேண்டும்.’”

“இதென்ன பள்ளிக்கூடமோ?” என்றார் வீரசிங்கம் அண்ணன். “மன்னிப்புக் கடிதம் எழுதினால் போதாதோ?”

சபாபதி இந்தக் கேள்விக்காக இருபது வருஷம் காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார். “மொதல்ல அப்படித்தான் இருந்திச்சு. எங்க சங்கத்துல ஒருத்தர், பேர் வேணாம், மன்னிப்புக் கடிதத்த சைக்ளோஸ்டைல்ல நாப்பது காப்பி அடிச்சு வச்சுக்கிட்டாரு. பேர் போடற எடம் மட்டும் காலி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரெண்டு மூணு எடுத்துக்கிட்டு வந்து, மொதல்ல கடிதத்தக் கொடுத்துட்டு அப்புறம் திட்டுவாரு. அதுக்கப்புறந்தான் பிஸ்கட். டின்ன காப்பி அடிக்க முடியாதுல்ல.”

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் வேலையே நகலெடுப்பதுதான். நிரலை நகலெடுக்கலாம், விதியை நகலெடுக்கலாம், நான் கிள்ளானுக்குக் கொண்டுபோன மன்னிப்பையும் எடுக்கலாம். நாலு கிலோ டின்னைச் சுமந்துதான் வர வேண்டும்.

வீரசிங்கம் அண்ணன் விடவில்லை. “நான் நிரலைத்தானே சொன்னனான். ஆளைச் சொல்லேல்லையே. பிழை எண்டால் பிழை எண்டு சொல்லக் கூடாதோ?”

“சொல்லுங்கண்ணே,” என்றார் இராஜம்மா அக்கா. “வரி நம்பர் போட்டுச் சொல்லுங்க. இத்தனாவது வரி, இது தப்பு, இப்படி இருக்கணும். நான் ஏத்துக்கறேன். எனக்குக் கண்ணு இல்லன்னு எழுதினீங்களே, அது எத்தனாவது வரி?”

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அக்காவின் வழக்கமான சத்தம்தான் அது.

வீரசிங்கம் அண்ணன் பிடிவாதக்காரர், ஆனால் ஒழுங்காகச் செய்த பொருளைக் கண்டால் மறுக்கத் தெரியாதவர். “வரி எண் சொல்லக்கூடியதை மட்டும் எழுதலாம்,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “இது நல்ல விதி. இதைப் பத்தாவதாகப் போடுங்கோ. நானே முன்மொழியிறன்.”

நான் வழிமொழிந்தேன். ‘மரியாதைக் குறைவு’ என்றால் என்னவென்று அளக்க ஒரு கோல் கிடைத்துவிட்டது: வரி எண் இல்லாமல் குறை சொன்னால் டின். மலர்வளையத்தை நீக்கலாமா என்று சபாபதி கேட்டார். இருக்கட்டும் என்று எல்லாரும் சொன்னோம்.

விதி வந்தபின் பழைய கணக்கையும் பார்க்க வேண்டுமே. அங்கேயே என் மடிக்கணினியில் மூல நிரலைத் திறந்து, வரி எண் இல்லாத வசவுகளைத் தேடினேன். பதினொன்று இருந்தன. ஆளுக்கு ஒரு டின் போதும் என்று இராஜம்மா அக்கா பெருந்தன்மையாகச் சொன்னார். பத்து வசவுகள் இரண்டே பேர் மேல்தான்: அவருக்கு ஒரு டின், ஜெயராஜுக்கு ஒரு டின். கடைசிக் குறிப்பு விசைப்பலகைப் பகுதிக்கு மேலே இருந்தது: ‘இதை எழுதியவருக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.’

“இந்தப் பகுதிய யார் எழுதினது?” என்றார் சபாபதி.

பகுதியின் தலைப்பில் பார்த்தேன். 1994. வீரசிங்கம்.

“உங்களையேவாண்ணே?”

“மறந்துபோனன்,” என்றார் அவர். “ஆனால் சொன்னது சரிதான்.”

தனக்குத் தானே கொடுக்கும் டின்னை யார் திறப்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கு விதியில் இடமில்லை. அதை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைத்தார் சபாபதி.

இன்னொரு சிக்கல்: அடுத்த கூட்டம் அக்டோபர் ஐந்து. பள்ளிகள் அதுவரை தாங்காது. எனவே ஒரு வாரத்திலேயே அதே கடையில் சிறப்புக் கூட்டம் கூட்டினோம். நான் ஸ்ரீ கெம்பாங்கானில் என் அலுவலகத்திலிருந்து ஒரு இருபத்து நான்கு ஊசி அச்சுப்பொறியை இரவல் வாங்கி வந்தேன். ஜெயராஜுக்குச் செய்தி அனுப்பியிருந்தோம். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவன் பதில் போடவில்லை; என்ன பிஸ்கட் என்று மட்டும் கேட்டிருந்தான்.

வீரசிங்கம் அண்ணன் துன் சம்பந்தன் சாலை வழியாக, உச்சி வெயிலில், ஒரு சதுர டின்னை நெஞ்சோடு அணைத்து, இன்னொன்றைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து வந்தார். பூக்கடைக்காரர், “அங்கிள், வீட்டுல விசேஷமா?” என்று கேட்டாராம். பையை ஜெயராஜுக்காக மேசையில் வைத்தார்; கையிலிருந்த டின்னை இராஜம்மா அக்கா கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

அக்கா டின்னை மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

“கோடு விழுந்த பிரிண்டு எங்க?”

அண்ணன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைக் கோட்டை விரல் நகத்தால் அளந்தார். பிறகு என் மடிக்கணினியைத் தம் பக்கம் இழுத்து, நிரலில் வரி வரியாகக் கீழே நகர்ந்து போனார்.

காகிதம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அச்சுப்பொறிக்கு எறும்புக் காலடி போன்ற மிகச்சிறிய அடிகளாகச் சொல்ல வேண்டும். ஒன்பது ஊசிப் பழைய பொறியில் ஓர் அடி என்பது அங்குலத்தில் இருநூற்றுப் பதினாறில் ஒரு பங்கு. புதியதில் நூற்றெண்பதில் ஒரு பங்கு. அக்கா இருபத்து நான்கு என்று எழுதியிருந்தார். இருபத்து நான்கு ஊசிக்கு இருபத்து நான்கு அடி. அண்ணன் பழைய பொறியின் கையேட்டை விரித்து வைத்து, மிகுந்த சிரத்தையோடு கணக்குப் போட்டு, அதை இருபத்தொன்பது ஆக்கியிருந்தார். ஐந்து அடி கூடுதல். அந்த ஐந்து அடிதான் வெள்ளைக் கோடு. அச்சுப்பொறியைக் கண்ணால் காணாதவர் யார் என்று இப்போது மேசையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் அக்காவின் வாயைப் பார்த்தேன். சபாபதியும் பார்த்தார்.

“வரி முந்நூத்திப் பன்னெண்டு,” என்றார் அக்கா. “இருபத்தொம்போது இல்ல. இருபத்து நாலு.”

வீரசிங்கம் அண்ணன் காத்திருந்தார். “வேறே?”

“வேற என்னா? அவ்வளவுதான் லா.”

முப்பது வருஷம் கோப்புகளின் ஓரத்தை நிரப்பியவர் அவர். அந்த வரிக்குப் பக்கத்தில் அக்கா காலியாகவே விட்ட ஓரத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எண்ணை மாற்றி அச்சுக்கு விட்டேன். அச்சுப்பொறி கரகரத்தது. ‘அ’ முழு உடம்போடு வந்தது, ‘ஆ’ அதன் பின்னால்.

“பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கே டிஸ்கெட் அனுப்பலாம்,” என்றேன்.

அண்ணன் காகிதத்தைக் கிழித்தெடுக்கவில்லை. கையை நீட்டி, அக்கா கிழிக்கட்டும் என்பது போல விலகிக்கொண்டார். அக்கா கிழித்து, மடித்து, தன் கைப்பையில் வைத்தார். பிறகு கடைக்காரரிடம் ஒரு தேக்கரண்டி கேட்டு வாங்கி, டின் மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். மூடி இறுக்கமாக இருந்தது. மூன்றாவது நெம்பலில் திறந்தது.

“உக்காருங்கண்ணே,” என்றார். “அதோ, ஜெயராஜ் வேற வந்துக்கிட்டு இருக்கான். அவனுக்கும் நிக்கணும்ல. கால் வலிக்கும்.”