சிவப்பு ஒயரும் சிடார் கணவாயும்

கண்ணுகளே, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு குதிரை, ஒரு மலை, நாலே நாலு ஒயர். இவற்றை வைத்து ஒரு கதை சொல்கிறேன். மூச்சை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இறக்கம் வரும்.

மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயத்தில் டார்லாவும் நெட்டியும் பல வருடப் போட்டியாளர்கள். பக்கத்துப் பக்கத்துப் பண்ணை, ஒரு வேலி மட்டும்தான் இருவருக்கும் நடுவில். அன்று மலைக்கு அந்தப் பக்கம், சந்தைத் திடலில் இறுதிப் பந்தயம். நாலு மணிக்குள் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். காலையில் பார்த்தால் நெட்டியின் பிக்கப் வண்டியின் எஞ்சின் மூச்சை விட்டுவிட்டது. குதிரைகளை ஏற்றிப் பின்னால் இழுத்துப்போகும் டார்லாவின் டிரெய்லருக்கோ அடிப்பலகை இற்றுக் கிடந்தது. மிஞ்சியது டார்லாவின் பிக்கப், நெட்டியின் டிரெய்லர்.

ஆனால் அந்த டிரெய்லருக்கு மின்சார பிரேக். இழுக்கும் வண்டிக்குள் அந்த பிரேக்கை இயக்கும் பெட்டி இல்லாவிட்டால் அதன் சக்கரம் நிற்காது. சிடார் கணவாய் இறக்கத்தில் இரண்டு குதிரைகளின் கனமும் பின்னாலிருந்து தள்ளினால், போய்ச் சேரும் இடம் சந்தைத் திடலாக இருக்காது.

நெட்டி தன் பிக்கப்பிலிருந்து பெட்டியைக் கழற்றி வந்தாள். டார்லா பேட்டரி இணைப்பை எடுத்தாள், பெட்டியைத் திருகி மாட்டினாள், பேட்டரி இணைப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்தாள்.

"ஏண்டி, உள்ளயே குடித்தனம் நடத்தப் போறியா? பூட்ஸ் மட்டுந்தான் தெரியுது."

"வாய மூடிட்டு பெடல அமுக்கு."

நெட்டி துடைப்பக் கட்டையால் பிரேக் பெடலை அழுத்தினாள். உள்ளே ஒரு கம்பியில் டார்லா வைத்திருந்த டெஸ்டர் விளக்கு எரிந்தது. அந்தக் கம்பியிலேயே பெட்டியின் சிவப்பு ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினாள் டார்லா. மற்ற மூன்று ஒயர்களையும் இணைத்தாயிற்று. டிரெய்லரைப் பின்னால் கோத்து, டார்லா பெட்டியின் கைப்பிடியைத் தள்ளியதும், டிரெய்லர் சக்கரத்தில் காதை வைத்திருந்த நெட்டி துள்ளினாள்.

"முனகுதுடி! தேனீ மாதிரி முனகுது!"

குதிரைகளை ஏற்றினார்கள். வாசலில் இடது இண்டிகேட்டர் போட்டாள் டார்லா, பாருங்கள்! டிரெய்லர் விக்கல் எடுத்ததுபோல் டக், டக் என்று நின்று நின்று இழுத்தது. குதிரைகள் பலகையை உதைத்தன.

"கம்பி மாறிப்போச்சு! இண்டிகேட்டருக்கும் சேத்து ஓடுற கம்பியப் புடிச்சிட்டேன்."

"நீ பெடலுக்கு மட்டும் பாத்த, இண்டிகேட்டரப் போட்டுப் பாக்கலியே!"

"விடு, மலையில இண்டிகேட்டர் போடாமப் போயிடலாம். மணி ஆகுதுடி."

"பின்னாடி நிக்கிற குதிரை என் பிள்ளைடி. எறங்கு!"

டார்லா மறுபடி மல்லாந்தாள். இந்த முறை பெடலுக்கு மேலே, பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்து புறப்படும் கம்பியைத் தேடினாள். பெடலை அழுத்தினால் டெஸ்டர் எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் இருட்டு.

"இதாண்டி! இதேதான்!"

சிவப்பு ஒயரை அந்தக் கம்பிக்கு மாற்றினாள். சரளைப் பாதையில் மெதுவாக ஓட்டி, சக்கரம் இறுகிச் சறுக்காமல் பிடிக்கும்வரை பெட்டியின் அளவைத் திருகினாள். அப்புறம் மலை.

உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியது. டார்லா பெடலைத் தொட்டாள். ஓடும் பிள்ளையைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவதுபோல், டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியை இதமாகப் பிடித்தது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. அடிவாரம் தெரிந்ததும் இரண்டு பேரும் தொண்டை கட்டக் கத்தினார்கள்.

திடலில் பெயர் எழுதுபவர்கள் மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஓடிப்போய் அவர்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி மேசையை விரிக்கவைத்தார்கள். குதிரைகள் வியர்வையில்லாமல், வைக்கோலை மென்றபடி இறங்கின.

ஜெயித்தது நெட்டி, ஒரு கண்சிமிட்டல் வித்தியாசத்தில்.

"அந்த ஒயர விக்கலோடயே விட்டிருக்கணும்டி நான்!" என்று டார்லா கத்தியதில் திடலே சிரித்தது. நெட்டி தன் பரிசு ரிப்பனை எடுத்துப்போய் டார்லாவின் வண்டியிலிருந்த அந்தப் பெட்டியில் கட்டினாள்.

என் செல்லங்களே, உங்கள் வீட்டு வண்டி எந்த இறக்கத்திலும் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கட்டும். சண்டை போடவும் கூட வரவும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கட்டும். போனவர்கள் எல்லாரும் சாப்பாடு ஆறும் முன் வீடு திரும்பட்டும்.