பேரன் எலிகள்

அப்பாவின் உடல் கிடந்த ஸ்ட்ரெச்சரை வாசலில் சாய்த்துத் திருப்பும்போதே மகள் நாற்காலியிலிருந்து காலைக் கீழே போட்டாள். அண்ணன் கைப்பேசியை ஒளித்தான். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர் நுழைந்தால் சுவர்க்கடிகாரமே ஒரு டிக்கை விழுங்கிவிடும் என்பார்கள். இன்று அது தாராளமாக ஓடியது.

"எலிங்களும் இப்படித்தாம்மா," என்றார் எலிக்காரர். அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர்.

அப்பாவின் புகழெல்லாம் ஒரே கட்டுரை. ஆரஞ்சு வாசனை காட்டி எலிக்கு ஷாக் கொடுத்தார். ஷாக்கே அறியாத பேரன் எலிகளும் அந்த வாசனைக்கு உறைந்து நின்றன. பயம் மரபணுவை மாற்றாமல், அதன்மேல் ஒட்டிக்கொண்டே வாரிசுக்குப் போகிறது என்று எழுதினார். உலகம் கைதட்டியது. மகள் மட்டும், அப்பாவைக் கண்டால் வரும் தன் நடுக்கம் பிள்ளைக்கும் போகுமே என்று, பிள்ளைப்பேற்றைப் பத்து வருடம் தள்ளிப்போட்டாள். பெற்ற பிறகும் தாத்தாவிடம் காட்டவில்லை.

போன வருடம் அவர் நோயில் படுத்துவிட, எலிக்காரர் அதே சோதனையை நடத்தினார். பேரன் எலிகள் ஆரஞ்சை மோந்துவிட்டுத் தூங்கப்போயின.

அப்பாவுக்குப் படுக்கையிலேயே விளங்கிவிட்டது. ஷாக் வம்சத்தை மூன்று தலைமுறையும் வாலைப் பிடித்துத் தூக்கியது அவர் கை. ஷாக் இல்லாமல் ஒப்பிட வைத்த எலிகளைத் தூக்கியது எலிக்காரர். எலிகள் பயந்தது ஆரஞ்சுக்கல்ல, அந்தக் கைக்கு.

திருத்தம் எழுதினார். 'பயம் போய்ச்சேரவில்லை என்பதில் புதுமை இல்லை' என்றது ஓர் ஆய்விதழ். 'புகழ்பெற்ற முடிவை மறுக்க இந்த எலிகள் போதாது' என்றது இன்னொன்று. மூன்றாவது வாயே திறக்கவில்லை.

"அந்தத் திருத்தத்தை விட்டுடாதே," என்றார் நேற்று, மகளிடம். அவர் அவளிடம் கேட்டுக்கொண்ட ஒரே காரியம்.

அண்ணனின் சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்துப் படித்தான்.

"மூணாவது இதழ். பழைய சோதனையைச் செஞ்சவரே திரும்பச் செஞ்சு காட்டினா பரிசீலிப்பாங்களாம்."

"என்ன பதில் போடப்போறே?"

"அவரு இப்பக் கொஞ்சம் வேலையா இருக்காருன்னு."

எலிக்காரர் தரையைப் பார்த்தார்.

அப்போது மகளின் நாலு வயதுப் பெண் சமையலறையிலிருந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு வந்தாள். நேராக ஸ்ட்ரெச்சர்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இதுதான் தாத்தாவா?"

எலிக்காரர்தான் தலையாட்டினார்.

குழந்தை அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது. தொடாதே என்று சொல்ல வாய் திறந்த மகள், மூடிக்கொண்டாள். குழந்தை ஒரு சுளையை உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தது. அவை மடங்கவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுளையை எடுத்துத் தானே தின்றது.