முள் வைத்த ஸ்பானர்

செத்துக் கிடந்த சூசைராஜின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த அழகி சட்டென்று நிறுத்தினாள். அடுத்த வீட்டுக்காரி, வாயில் எதுவும் தங்காது.

“ஏக்கா, மெக்கானிக்கு கையா இது? நகத்துல ஒரு பொட்டுக் கருப்பு இல்ல. வாத்தியார் கை மாதிரியில்ல இருக்கு!”

புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம்மாள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “காப்பி குடிச்சாக, நெஞ்சு வலிக்குதுன்னாக, அம்புட்டுத்தான்.” விடிந்ததிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை.

ஆலங்குடி ரோட்டில் அந்த வீட்டுக் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைதான் சூசைராஜின் ஒர்க்‌ஷாப். புதுக்கோட்டையில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் அவர் கையைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த நட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்பது அந்தக் கைக்குத் தெரியும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சமீப காலமாகக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்த்தார். தொழில் ரகசியம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ரகசியம் இருந்தது உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேசாக வாதம் அடித்து, வலது கையில் பிடிமானம் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்பானர் பிடித்தது ஆரோக்கியம்மாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார், அவள் முறுக்குவாள். ஆனால் அவர் கைக்குத் தெரிந்தது இவள் கைக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை முறுக்கு கூடிப்போய் போல்ட்டே முறிந்துவிட்டது. அறுபத்துமூன்றாம் வருஷத்துத் தை மாதம் அவர் அவளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முறுக்கை அளக்கும் ஸ்பானர் என்றதும் கடைக்காரர் இரண்டு தினுசு எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று இருந்தது. வேண்டிய அளவைத் திருப்பி வைத்துவிட்டால், அந்த முறுக்கு வந்ததும் ‘டக்’கென்று சத்தம் கொடுக்கும். மற்றது பார்க்கச் சப்பையாக இருந்தது. ஒரு நீளக் கம்பி, கூடவே ஒரு முள், கைப்பிடிப் பக்கத்தில் எண் போட்ட தகடு. முறுக்கும்போது கம்பி வளையும். முள் எண்ணைக் காட்டும்.

“சத்தம் குடுக்குறதுதாங்க இப்பப் புதுசு” என்றார் கடைக்காரர்.

“அதுக்குள்ள ஸ்பிரிங்கு இருக்குல்லங்க, நாளாக நாளாகத் தளந்துபோகும். தப்பான எடத்துல டக்குன்னாலும் நமக்குத் தெரியாது. இது அப்பிடியில்ல. சும்மா இருக்கையில முள்ளு பூச்சியத்துல நின்னாச் சரி. பொய் சொல்லாது” என்றார் சூசைராஜ்.

முள் வைத்ததில் நீளமான ஒன்றைப் பொறுக்கி மனைவியிடம் நீட்டினார். “பிடிச்சுப் பாரு.” நீளம் கூடினால் குறைந்த பலம் போதும். பொம்பளை எதற்குப் பிடித்துப் பார்க்கிறாள் என்று கடைக்காரர் முழித்தார்.

“அவளுக்குக் கைராசிங்க” என்றார் சூசைராஜ், முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். பஸ்ஸில் திரும்பும்போது இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தான்.

மத்தியானம் சவப்பெட்டி வந்து இறங்கியது. சூசைராஜை அதில் கிடத்தியதும் அவர் தம்பி மரியசெல்வம் கொட்டகைக்குள் போய்விட்டு வந்தான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அவன் கையில் முள் வைத்த ஸ்பானர் இருந்தது. அதற்கு ஒரு மாலை வேறு சுற்றியிருந்தான்.

“மதினி, அண்ணன் கடைசியா ஆசப்பட்டு வாங்குன சாமான். போன தடவ நான் வந்தப்ப எடுத்துக் காட்டி அம்புட்டுப் பெருமையாப் பேசுனாரு. பெட்டியில வச்சிருவோம்.”

ஆரோக்கியம்மாள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கே ராயவரம் ஆதப்பன் செட்டியாரின் ஆஸ்டின் கார் நின்றது; எஞ்சின் ஹெட்டில் நாலு நட்டு இன்னும் முறுக்கவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. இனி சோறு அந்தக் கொட்டகையிலிருந்துதான் வரவேண்டும். முள் மண்ணுக்குள் போனால் அவள் கை வெறும் கை. அது என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் வாசல் கொள்ளாமல் நிற்கிற இத்தனை பேர் முன்னால், இரண்டு வருஷமாகக் காப்பாற்றிய அவர் பேர் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். ‘அப்படியில்லை’ என்று சொல்ல அவரும் இல்லை.

எழுந்தாள். கொட்டகைக்குப் போய், அவர் வெகுகாலம் புழங்கிய பழைய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, கைப்பக்குவம் தெரியாதவுகளுக்குத்தான் முள்ளும் அளவும் வேணும்” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஒங்க அண்ணன் கைக்கு அது எதுக்கு? இத வைங்க.”

“அதானே! சூசைராஜு கைக்கு முள்ளா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

வாங்க வந்த மரியசெல்வம் அவள் நகக்கண்களில் படிந்திருந்த கருப்பைப் பார்த்தான். பெட்டிக்குள் திரும்பி அண்ணனின் கையைப் பார்த்தான். பிறகு பழைய ஸ்பானரை அண்ணனின் இடுப்போரம் வைத்தான். மற்றதிலிருந்து மாலையை உருவிவிட்டு, முள்ளில் கை படாமல் அவளிடம் கொடுத்தான்.

“செட்டியார் வீட்டு ஆளு வந்திருக்கு மதினி” என்றான் தாழ்ந்த குரலில். “கார எடுக்க என்னைக்கு வரச் சொல்லட்டும்?”

“வியாழக்கெழம.”

பெட்டியை மூடித் தூக்கினார்கள். பெண்கள் மாரடித்துக்கொண்டு அலறினார்கள். ஆரோக்கியம்மாளுக்கு அப்போதுதான் உள்ளே எல்லாம் உடைந்தது. அழகி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“அந்தக் கம்பியக் கீழ போட்டுட்டு நல்லா அழுதுருங்கக்கா.”

தரையில் தட்டினால் முள் பூச்சியத்திலிருந்து விலகிவிடும். அதைக் கீழே வைக்காமலே அவள் அழுதாள்.