மைக் முன்னால் ரெய்னோ

ரெய்னோ கஸ்குரா எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கோலைப் பன்னிரண்டு வருடம் காத்தான். அதில் ஒன்பது வருடம் அவனுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் நான். எங்கள் ஊரான கனடாவின் தண்டர் பே நகரத்தில் அவன் குரல் தெரியாத ஆளே கிடையாது. ஆட்டம் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருப்பான். "டெல், இடப்பக்கம் ஒருத்தன் வர்றான். டெல், தள்ளி நில்லு. தூங்கிட்டியா?"

முப்பத்தாறு வயதில் அவன் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. இன்னொரு சீசன் ஆடினால் மாடிப்படி ஏற முடியாது என்றார் டாக்டர். மறுநாளே அணியிடம் விலகுவதாகச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தான். "ஒரு வாரம் அழுதேன்னு எவனாவது சொன்னா நம்பாதே. ரெண்டு நாள்தான்."

உள்ளூர் ரேடியோவில் இருபது வருடமாக எங்கள் ஆட்டங்களை வர்ணித்துவந்த மார்ஜ் டுக்கெட் அவனுக்குப் போன் செய்தாள். "வாயை மூடாத ஆள் ஒருத்தர் வேணும். வர்றீங்களா?"

போனான். முதல் ஆட்டத்தில் திணறிவிட்டான். அவன் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள், பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு அரங்கத்தின் மறுகோடிக்குப் போயிருந்தது. இடைவேளையில் மார்ஜ் காபியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நடந்ததை நான் சொல்றேன். நடக்கப்போறதை நீங்க சொல்லுங்க. கோல்ல நின்னா என்ன கத்துவீங்களோ, அதையே கத்துங்க."

அதன்பின் அவனை நிறுத்த முடியவில்லை. "இப்ப வலப்பக்கம் திரும்புவான் பாருங்க" என்பான், ஆட்டக்காரனும் அப்படியே திரும்புவான். டிசம்பருக்குள், அரங்கத்துக்கு வருகிறவர்களே காதில் ரேடியோவோடு வரத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், அவன் இடத்துக்கு வந்திருந்த புது கோல் கீப்பர் டேவிஷ் ஓஜா நான்கு கோல் வாங்கினான். கூட்டம் அவனை வெளியே போகச் சொல்லிக் கூச்சல் போட்டது. ஓஜாவுக்கு என்ன ஆயிற்று என்று மார்ஜ் கேட்டாள்.

"ஓஜாவுக்கு ஒண்ணும் ஆகல. நாலுல மூணு தடவை அவனுக்கு வட்டே தெரியல. அவன் கண்ணை மறைச்சுக்கிட்டு டெல் நிக்கிறான். என் கல்யாணத்துல எனக்குத் தோழனா நின்னவன் டெல். ஆனா தப்பு அவனோடது."

ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போதே ரேடியோவில் கேட்டவர்கள் இதை என்னிடம் சொல்லிவிட்டார்கள். வாகன நிறுத்தத்தில் ரெய்னோவைப் பிடித்தேன்.

"ஊரே கேக்க என் மானத்தை வாங்கிட்டியேடா."

"ஒன்பது வருஷமா உன் முதுகுக்குப் பின்னால நின்னு இதைத்தானே கத்தினேன். கேட்டியா?"

"அதுக்கு ரேடியோவுலயா சொல்லுவே?"

"ஓஜாவைத்தான் ஊரே திட்டுது. நான் மூடிக்கிட்டு இருக்கணுமா?"

மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. ஆனால் ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓஜாவை மறைத்து நின்றது நான்தான், சந்தேகமே இல்லை. பயிற்சியில் ஓஜாவிடம் போய், எங்கே நின்றால் அவனுக்கு வட்டு தெரியும் என்று கேட்டேன். ஒரு எட்டு இடப்பக்கம் என்றான். அடுத்த ஐந்து ஆட்டத்தில் அவன் வாங்கியது ஆறே கோல். நானே ரெய்னோவுக்குப் போன் செய்து, "சரி, நீ சொன்னது உண்மைதான்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

வசந்தத்தில் டொராண்டோ தொலைக்காட்சிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். மார்ஜையும் சேர்த்துக்கொண்டால் வருவதாகச் சொன்னான், இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் ஒளிபரப்பை நானும் ஓஜாவும் ஊரிலிருந்த ஃபின்லாந்துக்காரர்களின் பான்கேக் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நாட்டிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் தடுப்பாட்டக்காரனை ரெய்னோ பெயர் சொல்லித் திட்டத் தொடங்கிவிட்டான்.

ஓஜா சிரித்தபடி என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டான்.